வீட்டிலேயே எலக்ட்ரிக் கிட்டார் செய்வது எப்படி: நெக் முதல் செட்டப் வரை முழு வழிகாட்டி

எலக்ட்ரிக் கிட்டாரில் தப்பவே கூடாத இடங்கள் மூன்று: விரல் பலகையில் குறுக்கே பதியும் உலோகக் கம்பிகளான ஃபிரெட்டுகளுக்கு வெட்டுகள் விழும் இடம், நீண்ட கைப்பிடியான நெக் பாடியில் உட்காரும் குழி, ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் பிரிட்ஜ் நிற்கும் இடம். இவை சரியாக அமைந்துவிட்டால், பாடியின் வளைவு நினைத்ததைவிட அரை சென்டிமீட்டர் விலகினாலும் கிட்டார் சுருதி சுத்தமாகவே ஒலிக்கும். இவற்றில் ஒன்று பிசகினால், எவ்வளவு அழகான மரமும் மெருகும் அதைக் காப்பாற்றாது.

அதனால் வேலை வரிசையும் இதையொட்டித்தான் அமைய வேண்டும். முதலில் நெக், அந்த நெக்கை அளந்து குழி, குழியில் நெக் உட்கார்ந்த பிறகே பிரிட்ஜ். முதல்முறை செய்பவர்கள் பலர் ஆசையாக பாடியை வெட்டி முடித்துவிட்டு, பிறகு நெக்கை அதற்குப் பொருத்தப் பார்க்கிறார்கள். நடுக்கோடு கோணலாவது பெரும்பாலும் அங்கேதான்.

எந்த அமைப்பில் தொடங்குவது

முதல் கிட்டாருக்கு எங்கள் பரிந்துரை: 648 மி.மீ. ஸ்கேல் (நட்டுக்கும் பிரிட்ஜுக்கும் இடையே ஸ்ட்ரிங் அதிரும் நீளம்), 22 ஃபிரெட், திருகில் பொருத்தும் நெக், அசையாத பிரிட்ஜ், இரண்டு ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) பிக்கப், அதாவது ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சைகையாக்கும் காந்தக் கருவி. ஃபெண்டர் நிறுவனம் 1950-இல் சந்தைக்குக் கொண்டுவந்த கிட்டார்களிலேயே நெக் நான்கு திருகுகளால்தான் பாடியோடு இணைந்திருந்தது. அந்த ஏற்பாடு வீட்டில் செய்பவருக்கு ஒரு வரம். நெக்கை எத்தனை முறை வேண்டுமானாலும் கழற்றலாம், குழியின் ஆழத்தைத் திருத்தலாம், நெக்கே வீணானாலும் பாடி பிழைத்துக்கொள்ளும். பசை போட்டு ஒட்டும் நெக்கில் அந்த வசதி இல்லை. உயரமான பிரிட்ஜ் வைத்தால் நெக்கை 2 முதல் 3 டிகிரி வரை சாய்க்கவும் வேண்டியிருக்கும். நெம்புகோலால் சுருதியை ஆட்டும் ட்ரெமலோ பிரிட்ஜை இரண்டாவது கிட்டாருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மரத்தைப் பற்றிய விவாதத்துக்கு முடிவே கிடையாது. முதல் கருவிக்கு மரத்தின் பெயரைவிட அது நன்றாகக் காய்ந்திருப்பதும், முறுக்கில்லாமல் இருப்பதும்தான் முக்கியம். ஈரப்பதம் 6 முதல் 10 சதவீதத்துக்குள் இருக்கட்டும். குவீன் ராக் குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே 1963-இல் தன் தந்தையோடு சேர்ந்து வீட்டில் செய்யத் தொடங்கிய கிட்டாரின் நெக், பழைய கணப்படுப்பின் மரச்சட்டத்திலிருந்து வந்தது. அதன் ட்ரெமலோவில் இருப்பவை மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங்குகள். அந்தக் கருவியைத்தான் அவர் வாழ்நாள் முழுதும் மேடையில் வாசித்துவருகிறார்.

வேண்டியவை

பாடிக்கு 520 × 350 மி.மீ. பரப்பும் 45 மி.மீ. கனமும் உள்ள பலகை. மகோகனி, ஆல்டர், ஆஷ், பாஸ்வுட் எதுவானாலும் சரி. ஒரே துண்டாகக் கிடைக்காவிட்டால் இரண்டை ஒட்டலாம். நெக்குக்கு 700 × 75 × 19 மி.மீ. மேப்பிள் கட்டை. அதன் முனையைப் பார்க்கும்போது வளர்ச்சி வளையங்கள் நெக்கின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்பது நல்லது. வளைந்து முறுக்கும் வாய்ப்பு குறையும். ஃபிரெட்போர்டுக்கு 510 × 65 × 6.5 மி.மீ. ரோஸ்வுட், எபோனி அல்லது மேப்பிள் பட்டை.

உதிரிகள்: இருபுறமும் வேலை செய்யும் ட்ரஸ் ராட் (நெக்குக்குள் இருந்து அதன் வளைவைத் திருத்தும் உலோகக் கம்பி) ஒன்று, ஃபிரெட் கம்பி ஒன்றரை மீட்டர், எலும்பு நட் (நெக்கின் தலைமுனையில் ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் பள்ளமிட்ட துண்டு), டியூனர் ஆறு, பிரிட்ஜ், பிக்கப் இரண்டு, 500 கிலோ ஓம் பாட் (ஒலி அளவையும் தொனியையும் மாற்றும் திருகுமின்தடை) இரண்டு, 0.022 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர், மூன்று நிலை சுவிட்ச், 6.35 மி.மீ. ஜாக், நெக் தகடு, 45 மி.மீ. நீளத் திருகு நான்கு. இவை அனைத்தும் கைக்கு வந்து, காலிப்பரால் அளந்த பிறகே மரத்தில் கை வையுங்கள். வரைபடத்தில் ஒரு அளவு இருக்கும், வாங்கிய பிரிட்ஜில் வேறொன்று இருக்கும். நம்ப வேண்டியது கையில் இருக்கும் பொருளைத்தான்.

கருவிகளில் ரூட்டர், ட்ரில், ஜிக்சா, மெல்லிய ஃபிரெட் ரம்பம், அரை வட்ட மர அரம், துல்லியமான நேர்விளிம்புத் தகடு, எட்டுப் பத்து கிளாம்ப் இருந்தால் வேலை நடக்கும். மரத்தூளுக்கு முகமூடி, கண்ணாடி, காது அடைப்பு ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டாம். ரோஸ்வுட் தூள் சிலருக்குத் தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமையைக் கிளப்பும்.

முழு அளவு வரைபடம்

ஒரு நீளத் தாளில் நேர்க்கோடு ஒன்று இழுங்கள். அதுதான் நடுக்கோடு, இனி எல்லா அளவும் அதிலிருந்துதான். நட், 12-ஆவது ஃபிரெட், 648-இல் பிரிட்ஜ் கோடு ஆகியவற்றைக் குறியுங்கள். நட் அகலம் 42 மி.மீ., நெக் குதிகால் (பாடியில் உட்காரும் முனை) 56 மி.மீ., பிரிட்ஜில் முதல் ஸ்ட்ரிங்குக்கும் ஆறாவதுக்கும் இடைவெளி 52.5 மி.மீ. இரண்டு ஓர ஸ்ட்ரிங்குகளையும் கோடாகப் போட்டுப் பாருங்கள். நட் அருகே ஃபிரெட்போர்டு விளிம்பிலிருந்து 3 மி.மீ. உள்ளே தொடங்கி, கடைசி ஃபிரெட்டில் 4 மி.மீ. அளவில் முடிய வேண்டும். இது தாளில் பொருந்தவில்லை என்றால் மரத்திலும் பொருந்தாது.

ஃபிரெட்போர்டு

ஒவ்வொரு ஃபிரெட்டும் முந்தையதிலிருந்து எவ்வளவு தள்ளி வர வேண்டும் என்பது, மீதமிருக்கும் ஸ்ட்ரிங் நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் கிடைக்கும்; அவற்றைக் கூட்டினால் நட்டிலிருந்து தூரம் வரும். 648 ஸ்கேலில் நட்டிலிருந்து முதல் ஃபிரெட் 36.37 மி.மீ., இரண்டாவது 70.70, மூன்றாவது 103.10, ஐந்தாவது 162.55, ஏழாவது 215.51, பன்னிரண்டாவது சரியாக 324, இருபத்திரண்டாவது 466.16. எல்லா அளவையும் நட்டிலிருந்தே எடுங்கள். ஒரு ஃபிரெட்டிலிருந்து அடுத்ததற்கு அளந்துகொண்டே போனால், ஒவ்வொரு முறையும் கால் மில்லிமீட்டர் பிசகினாலும் கடைசியில் ஐந்து மில்லிமீட்டர் தள்ளிப் போயிருக்கும்.

பட்டையின் இரு பக்கமும் இணையாக இருக்கும்போதே வெட்டுகளைப் போட்டுவிடுங்கள். ஓரங்களைச் சரிவாக்கிய பிறகு மூலைமட்டம் வைக்க நேரான விளிம்பு இருக்காது. வெட்டின் அகலம் சுமார் 0.58 மி.மீ.; ஆனால் வாங்கிய ஃபிரெட் கம்பியில் வெட்டுக்குள் இறங்கும் கீழ்நாக்கை அளந்து முடிவு செய்வதே சரி. ரம்பத்தைக் கையால் மட்டும் நேராகப் பிடிப்பது கடினம் என்பதால், காந்தம் பதித்த வழிகாட்டிக் கட்டையோ ரம்பப் பெட்டியோ வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மேற்பரப்புக்கு வளைவு. 305 மி.மீ. ஆரம் முதல் கிட்டாருக்கு வசதி. ஸ்ட்ரிங்கை இழுத்து வாசிக்கும்போது ஒலி செத்துப்போகும் தொல்லை குறைவு. அந்த ஆரமுள்ள கட்டையில் 80 எண் உப்புத்தாளை ஒட்டி, நீளவாக்கில் மட்டும் தேய்த்து, 120, 220, 320 என்று முன்னேறுங்கள். இங்கே பலர் கவனிக்காத ஒன்று: 56 மி.மீ. அகலத்தில் இந்த வளைவு இரு ஓரங்களிலும் சுமார் 1.3 மி.மீ. மரத்தை எடுத்துவிடும். அதற்கேற்ப ஃபிரெட் வெட்டும் ஓரங்களில் ஆழம் குறைந்துவிடும். கவனிக்காமல் ஃபிரெட்டை அடித்தால் முனைகள் உட்காராமல் தூக்கி நிற்கும். வளைவு முடிந்ததும் ரம்பத்தை மீண்டும் ஓட்டி, வெட்டு முழுக்கக் கீழ்நாக்கைவிட அரை மில்லிமீட்டர் ஆழமாக இருக்கச் செய்யுங்கள்.

நெக்

10 முதல் 46 வரையிலான (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில் கனம்) ஸ்ட்ரிங் செட் வழக்கமான டியூனிங்கில் சுமார் 45 கிலோ விசையோடு நெக்கை இழுக்கும். அதை எதிர்கொள்வது ட்ரஸ் ராட். அதற்கான பள்ளத்தையும் கட்டையின் பக்கங்கள் இணையாக இருக்கும்போதே, ரூட்டரின் பக்கத் தடுப்பை வைத்து வெட்டுங்கள். பல ராடுகளுக்கு 6 மி.மீ. அகலம், 9.5 மி.மீ. ஆழம் சரிவரும். ராட் விரல் அழுத்தத்தில் உள்ளே போக வேண்டும். தளர்வாக இருந்தால் வாசிக்கும்போது உள்ளிருந்து சலசலக்கும், கூடுதல் ஆழமாக இருந்தால் பின்புற மரம் மெலிந்துவிடும். ஆங்காங்கே ஒரு துளி சிலிக்கான் வைத்தால் சலசலப்பு அடங்கும்.

ஒட்டும் முன் ராடின் மேல் மெல்லிய டேப் ஒட்டுங்கள். பசை உள்ளே இறங்கினால் ராட் இறுகி, பிறகு திருப்பவே முடியாது. பசை வழுவழுப்பானது, கிளாம்பை இறுக்க இறுக்க ஃபிரெட்போர்டு பக்கவாட்டில் நகரும். இரண்டு ஃபிரெட் வெட்டுகளுக்குள் மெல்லிய ஆணி முளைகளை இறக்கி முன்பே இடத்தைப் பூட்டிக்கொள்ளுங்கள். மரவேலைக்கான மஞ்சள் பசையைச் சீரான மெல்லிய படலமாகப் பூசி, மேலே கனமான தட்டைக் கட்டை வைத்து, 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். பசையின் ஈரம் மரத்தைத் தற்காலிகமாக வளைக்கும் என்பதால், கிளாம்பைக் கழற்றியதும் நெக் லேசாகப் பின்னால் வளைந்திருந்தால் பதற வேண்டாம். சில நாள் காயட்டும்.

டியூனர்கள் நிற்கும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கை 14 அல்லது 15 மி.மீ. கனத்துக்கு இறக்குங்கள். டியூனர் துளைகள் பெரும்பாலும் 10 மி.மீ.; பின்புறம் உதவிக்கட்டை வைத்துத் துளைத்தால் மரம் பிய்ந்து வராது. ஹெட்ஸ்டாக் சாய்வில்லாத தட்டையாக இருப்பதால், முதல் இரண்டு ஸ்ட்ரிங்குகளை அழுத்திப் பிடிக்கும் சிறு கொக்கி ஒன்று தேவைப்படும்.

பின்புறத்தை வடிப்பதுதான் கைவேலையில் மிக இன்பமான பகுதி. முதல் ஃபிரெட்டிலும் 12-ஆவதிலும் மட்டும் முதலில் இறுதி வடிவத்தைக் கொண்டுவாருங்கள். முதல் ஃபிரெட்டில் ஃபிரெட்போர்டையும் சேர்த்து 21 மி.மீ. கனம், பன்னிரண்டாவதில் 22.5. பிறகு இரண்டையும் நேர்க்கோட்டில் இணைத்து இடைமரத்தை எடுங்கள். வளைவை நேரடியாகத் தேடாமல், முதலில் 45 டிகிரியில் முகப்பட்டைகள் எடுத்து, அந்த முகடுகளை மீண்டும் வெட்டிக்கொண்டே போனால் இரு பக்கமும் ஒத்துவரும். கணக்கையும் மறக்க வேண்டாம்: 21-இல் ஃபிரெட்போர்டு 6.5, பள்ளம் 9.5 போனால் ராடுக்குப் பின்னால் மிஞ்சுவது 5 மி.மீ.தான். ரொம்ப ஒல்லியான நெக் வேண்டும் என்று அரத்தை ஓட்டிக்கொண்டே போனால் ராட் வெளியே எட்டிப் பார்க்கும்.

ஃபிரெட் பதித்தல்

கம்பியைப் போர்டின் வளைவைவிடச் சற்றுக் கூடுதலாக வளைத்து, இரு முனைகளை முதலில் அடித்து, பிறகு நடுவை இறக்குங்கள். நடுவில் தொடங்கினால் முனைகள் மேலெழும். நெக்கின் அடியில் மணல் மூட்டையோ வடிவத்துக்கேற்ற தாங்கியோ இருக்கட்டும்.

வெட்டு மிக இறுக்கமாக இருந்தால் ஒவ்வொரு ஃபிரெட்டும் ஆப்பு போல மரத்தைப் பிளந்து அகட்டும். 22 ஆப்புகள் சேரும்போது நெக் பின்னோக்கி வளைந்துவிடும். ஒருபக்க ராடாக இருந்தால் அதைச் சரிசெய்ய வழியே இல்லை. இருபுற ராடைப் பரிந்துரைப்பது இதனால்தான். தளர்வாக இருந்தாலோ ஃபிரெட் மேலெழும்பி, அந்த இடத்தில் ஸ்ட்ரிங் கரகரக்கும். மெல்லிய சூப்பர் குளூ ஒரு சொட்டு விட்டு அழுத்திப் பிடித்தால் நிற்கும்.

எல்லாம் பதிந்ததும் ராடைத் திருப்பி நெக்கை நேர்த்தகடு வைத்துத் துல்லியமாக நேராக்குங்கள். ஃபிரெட் தலைகளில் மார்க்கரால் மை பூசி, நேரான நீளக் கட்டையில் 400 எண் தாள் ஒட்டி, நீளவாக்கில் தேய்க்க வேண்டும். எல்லாத் தலையிலும் மை அழிந்தவுடன் நிறுத்திவிடுங்கள். தட்டையாகிவிட்ட தலைகளை ஃபிரெட் அரத்தால் மீண்டும் வட்டமாக்கும்போது, நடுவில் தலைமயிர் அளவுக்கு மைக்கோடு மிஞ்ச வேண்டும். அதுவும் போய்விட்டால் அந்த ஃபிரெட் மற்றவற்றைவிடத் தாழ்ந்துவிட்டது என்று பொருள். முனைகளைச் சுமார் 35 டிகிரி சாய்த்து, கூர்மையை ஒவ்வொன்றாக எடுங்கள். இதற்கு ஒரு மாலைப்பொழுது போனாலும் தகும், ஏனென்றால் கை உணரும் தரம் இங்கேதான் இருக்கிறது.

பாடியும் குழியும்

பாடி வடிவத்தையும் குழிகளையும் 12 மி.மீ. எம்.டி.எஃப். பலகையில் டெம்ப்ளேட்டாக வெட்டி, இருபக்க டேப்பால் நடுக்கோட்டோடு பொருத்துங்கள். ஜிக்சாவால் கோட்டுக்கு வெளியே 3, 4 மி.மீ. விட்டு அறுங்கள், தடித்த மரத்தில் பிளேடு உள்நோக்கிச் சாயும். மீதியை மேலே பேரிங் உள்ள ரூட்டர் பிட்டால் எடுக்கலாம். ஒரு ஓட்டத்துக்கு 2 முதல் 3 மி.மீ. ஆழம் போதும். வெளிவிளிம்பில் ரூட்டரைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையிலும், குழிக்குள் கடிகாரத் திசையிலும் நகர்த்த வேண்டும். கொம்புகளின் நுனியில் மரத்தின் ரேகை திரும்புவதால் ஒரு சில்லு அப்படியே பெயர்ந்து பறக்கக்கூடும். அங்கே முன்பே உப்புத்தாளால் கோட்டை நெருங்கிவிட்டு, பிட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வேலை மட்டும் மிச்சம் வையுங்கள்.

பிட்டின் வெட்டு நீளம் 25 மி.மீ. என்றால், பேரிங் டெம்ப்ளேட்டைத் தொடும்போதே பிட் மரத்துக்குள் 15 மி.மீ. போயிருக்கும். ஒரே ஓட்டத்தில் அது ஆபத்து. குட்டை பிட் வாங்குங்கள். பெரிய குழிகளை ஃபார்ஸ்ட்னர் பிட்டால் முதலில் துளைத்துக் காலி செய்துவிடுங்கள்.

நெக் குழியின் ஆழத்துக்கு ஒரு எளிய கணக்கு: நெக் குதிகாலின் கனத்தோடு ஃபிரெட் உயரத்தையும் 3 மி.மீ.-யையும் கூட்டி, பிரிட்ஜ் சாடிலின் (ஸ்ட்ரிங் படிந்து நிற்கும் சிறு துண்டு) நடு உயரத்தைக் கழியுங்கள். குதிகால் 25.5, ஃபிரெட் 1.2, சாடில் 13 என்றால் 16.7 மி.மீ. குழி ஆழம் குறைந்தால் சாடிலை உச்சிக்குத் தூக்கியும் ஸ்ட்ரிங் ஃபிரெட்டில் உரசும். ஆழம் கூடினால் சாடிலை அடிவரை இறக்கியும் ஸ்ட்ரிங் எட்டாத உயரத்தில் நிற்கும். 16-இல் நிறுத்தி, நெக்கை வைத்துப் பார்த்து, மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவதே பத்திரம். பக்கங்களில் நெக் தானாக நிற்கும் அளவுக்கு இறுக்கம் வேண்டும். மெருகின் கனத்துக்கும் சிறிது இடம் விடுங்கள்.

நெக்கைக் குழியில் கிளாம்ப் போட்டு, இரு விளிம்புகளிலும் நீளத் தகடு வைத்து பிரிட்ஜ் வரை கோடு நீட்டுங்கள். நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் ஒரே தூரம் வந்தால் திருகுத் துளைகளுக்குப் போகலாம். பாடியில் 4.5 மி.மீ., நெக்கில் 3.2 மி.மீ. பாடியின் துளையில் திருகு தளர்வாகவே போக வேண்டும். அங்கேயும் மரை பிடித்தால் நெக்குக்கும் பாடிக்கும் இடையே இடைவெளி மூடாது. திருகில் சிறிது சோப்போ மெழுகோ தடவினால் கடின மரத்தில் தலை முறியாது.

பிக்கப் குழிகள் சுமார் 20 மி.மீ. ஆழம், கால்கள் இறங்கும் இடத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம். பாட்கள் வரும் இடத்தில் மேல்மரம் 5, 6 மி.மீ.-க்கு மேல் இருந்தால் நட்டு போட மரை எட்டாது. கம்பிகளுக்கு 300 மி.மீ. நீள ட்ரில் பிட்டை நெக் குழி வழியாகச் சாய்த்து விட்டால் இரண்டு பிக்கப் குழிகளும் இணையும்.

பிரிட்ஜ்

நட்டின் முன்விளிம்பிலிருந்து 12-ஆவது ஃபிரெட் நடு வரை அளந்து இரட்டிப்பாக்குங்கள். 648 வர வேண்டும். முதல் ஸ்ட்ரிங்கின் சாடிலை முன்னே முழுக்க நகர்த்தி, அங்கிருந்து 2 மி.மீ. பின்னுக்குக் கொண்டுவந்து, அதன் உச்சி 648 கோட்டில் நிற்கும்படி பிரிட்ஜை வையுங்கள். தடித்த ஸ்ட்ரிங்குகளின் சாடில் 3 முதல் 5 மி.மீ. வரை பின்னால் போக வேண்டியிருக்கும். அதற்கு இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். துளைக்கும் முன் இரு ஓரங்களிலும் நூல் கட்டி, நெக்கின் விளிம்புகளோடு சமமாகப் போகிறதா என்று இன்னொரு முறை சரிபாருங்கள். பிரிட்ஜின் அடியிலிருந்து கட்டுப்பாட்டுக் குழிக்கு எர்த் கம்பிக்கான சிறு துளையும் இப்போதே போட வேண்டும்.

மெருகு

120, 180, 220, 320 என்று தேய்த்து, 220-க்குப் பிறகு ஈரத்துணியால் துடையுங்கள். எழும்பும் நார்களைக் காய்ந்ததும் 320-ஆல் எடுங்கள். மகோகனி, ஆஷ் போன்ற துளை திறந்த மரங்களுக்கு நிரப்பி பூச வேண்டும். வீட்டில் செய்பவருக்கு எண்ணெய் மெருகோ நீர் சார்ந்த பாலியூரித்தேனோ போதும். இரண்டு பாகம் கலக்கும் பாலியூரித்தேனில் ஐசோசயனேட் உண்டு; உரிய சுவாசக் கருவியும் காற்றோட்ட அறையும் இல்லாமல் அதைத் தெளிக்கவே கூடாது. எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பற்றும். விரித்துத் திறந்த வெளியில் காயப்போடுங்கள்.

மின்வேலை

ஹம்பக்கருக்கு 500, சிங்கிள் காயிலுக்கு 250 கிலோ ஓம் என்பதற்குக் காரணம் உண்டு. பாட்டின் மதிப்பு குறையக் குறைய உச்ச அதிர்வுகள் எர்த்துக்கு வடியும். இயல்பிலேயே கூர்மையான சிங்கிள் காயிலுக்கு அது இதம், ஹம்பக்கரை அது மந்தமாக்கிவிடும். குழிகளுக்குள் செப்புத் தாள் ஒட்டி, எல்லாத் துண்டுகளும் ஒன்றோடொன்று மின்தொடர்பில் உள்ளனவா என்று மல்டிமீட்டரால் பாருங்கள். பாட்டின் முதுகை உப்புத்தாளால் லேசாகச் சுரண்டிய பிறகே சால்டர் வையுங்கள், இல்லையென்றால் ஈயம் ஒட்டாது. ஸ்ட்ரிங்கைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் எர்த் சரியாக இருக்கிறது. தொட்டதும் கூடினால் ஜாக்கில் இரு கம்பிகளும் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம்.

செட்டப்

இதை வரிசை மாற்றாமல் செய்ய வேண்டும், ஏனென்றால் ஒவ்வொன்றும் அடுத்ததைப் பாதிக்கும். முதலில் டியூன். பிறகு ஆறாவது ஸ்ட்ரிங்கை முதல் ஃபிரெட்டிலும் கடைசியிலும் அழுத்தி, ஏழாவதில் 0.2 முதல் 0.3 மி.மீ. இடைவெளி வரும்வரை ராடைக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாமல் சரிசெய்யுங்கள். அடுத்து நட். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் அழுத்தினால், முதல் ஃபிரெட்டின் மேல் தாள் நுழையும் அளவு இடைவெளி தெரிய வேண்டும். வெட்டு ஆழமாகிவிட்டால் திறந்த ஸ்ட்ரிங் கரகரக்கும். புது நட்டே வழி. பிறகு சாடில் உயரம்: 12-ஆவது ஃபிரெட்டில் ஆறாவது ஸ்ட்ரிங் 1.8, முதலாவது 1.5 மி.மீ.

இன்டொனேஷனுக்கு, அதாவது நெக் முழுதும் சுருதி பொருந்த, 12-ஆவதில் ஹார்மோனிக்கையும் அழுத்திய ஸ்வரத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது சுருதி கூடிக் கேட்டால் சாடிலைப் பின்னே, குறைந்து கேட்டால் முன்னே. கடைசியாக பிக்கப்: கடைசி ஃபிரெட்டில் அழுத்திப் பிடித்து, தடித்த பக்கம் 2.5 முதல் 3 மி.மீ., மெல்லிய பக்கம் 2 மி.மீ. மிக நெருங்கினால் காந்தம் ஸ்ட்ரிங்கை இழுத்து, ஸ்வரம் நடுங்கும்.

புது நெக் முதல் சில வாரங்களில் ஸ்ட்ரிங் இழுப்புக்குப் பழகி லேசாக நகரும். இரண்டு வாரம் கழித்து அந்த ஏழாவது ஃபிரெட் இடைவெளியை மீண்டும் அளந்து, தேவைப்பட்டால் ராடைக் கால் சுற்று திருப்பி, சாடில் உயரத்தையும் இன்டொனேஷனையும் இன்னொரு முறை பாருங்கள்.